அரைப் பை சேலைன்

டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கை கழுவுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அது தொட்டிக்கு மேலே படம் போட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்தும் கழுவாதவர்கள் நான் எழுதினாலும் கழுவப்போவதில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. ஆகவே நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். என் வாழ்நாளில் நான் மிகவும் பயந்த வாரம் அது. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த நாட்களில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அங்கே குண்டு போட்டது வேறு யாரோ.

உங்களில் சிலர் சென்னையில் படித்தவர்கள், சிலர் இங்கேயே பிறந்தவர்கள். உங்களுக்கு ஒரு விஷயம் விளங்கவேண்டும். மருந்துத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தாதி வேலை பழகியவள் நான். கையுறையைக் கழுவி, கம்பியில் காயப்போட்டு, பவுடர் தூவித் திரும்பவும் பாவித்தோம். சேலைன் என்பது வெறும் உப்புத் தண்ணீர்தான். ஆனால் அந்த உப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கிடைக்காமல் கண்ணுக்கு முன்னால் ஆட்கள் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தவளுக்கு ஒரு சொட்டையும் கீழே ஊற்ற மனம் வராது.

மொன்றியலுக்கு வந்து கனகாலம் நோயாளிகளைத் துடைக்கிற வேலையும் கட்டில் தள்ளுகிற வேலையும்தான் செய்தேன். பிரெஞ்சு படித்து, சோதனை எழுதி, ஒரு தடவை தவறி, நாற்பத்தொரு வயதில்தான் தாதியாகப் பதிவு கிடைத்தது. கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் என்னைப் போட்டார்கள். இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. இப்போது உங்களுக்கு நிரப்பியே வருகிற சிறிஞ் அப்போது எங்களிடம் இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய பை சேலைனைத் திறந்து, நாலு சிறிஞ் நிரப்பி, அவருடைய உடம்பில் பொருத்திய குழாயைக் கழுவிவிட்டு, பையில் மிச்சமிருப்பதை எறிந்துவிட வேண்டும். ஒரு பையில் கால்வாசிகூடப் பாவிப்பதில்லை. முக்கால் பை குப்பைக்குள் போகும்.

எனக்கு அது கண்ணுக்குள் குத்தும். முதல் மாதம் பொறுத்தேன். பிறகு காலையில் ஒரு பையைத் திறந்து என்னுடைய நோயாளிகள் எல்லோருக்கும் அதிலிருந்தே எடுக்கத் தொடங்கினேன். மிஞ்சியதை மதியம் வருகிறவர்களுக்கென்று அலுமாரித் தட்டில் வைப்பேன். ஒவ்வொரு தடவையும் பையின் வாயை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன், புது ஊசிதான் குத்துவேன். சுத்தமாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சாமான் தட்டுப்பாடு வந்த ஒரு மாரிகாலத்தில் தலைமைத் தாதி எல்லோருக்கும் முன்னால், "வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்று இவரிடம் கேட்டுப் பழகுங்கள்" என்று சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதற்குப் பாராட்டும் கிடைத்தால் கேட்கவும் வேண்டுமா?

குலம் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உள்ளே துப்புரவு செய்கிற வேலை அவருக்கு. வயது ஐம்பத்து மூன்று. கிழமைக்கு மூன்று நாள் மதியம் எங்களிடம் வந்து இரத்தம் சுத்திகரித்துவிட்டுப் போவார். ஊசி குத்துவதற்கென்று கையில் அறுவை செய்த இரத்தக்குழாய் இன்னும் தயாராகாததால் நெஞ்சிலே கதீற்றர் குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாயின் வாய் சட்டைக்குள் தொங்கும். மற்ற முனை இதயத்தின் வாசலில் இருக்கும். அந்த வாயால் எது போனாலும் தோலில்லை, குடலில்லை, மறிக்க யாருமில்லை, நேரே இதயத்துக்குத்தான் போகும். இதை நீங்கள் பாடமாக வைத்திருப்பீர்கள். நானும் பாடமாகத்தான் வைத்திருந்தேன்.

அவருக்குப் பிரெஞ்சு "போன்ஜூர்", "மெர்சி" அளவில்தான். அதனால் என்னுடைய வரிசையில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். ஊரில் தாதிகளைக் கூப்பிடுகிற வழக்கப்படி என்னை மிஸி என்றுதான் கூப்பிடுவார். "மிஸி, மற்றவையின்ர கையிலை இருக்கேக்கை கண்ணை மூடமாட்டன். உங்கட முறையெண்டால் நித்திரை கொள்ளுவன்" என்று சொல்வார். உண்மையிலேயே குறட்டைவிட்டுத் தூங்குவார்.

பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மதியம், என் வரிசையிலிருந்த ஒரு வயதான கிரேக்க அம்மாவுக்கு இயந்திரத்தில் போட்டு ஒரு மணித்தியாலத்தில் நடுக்கம் வந்தது. காய்ச்சலும் ஏறியது. வயதானவர், சர்க்கரை வியாதிக்காரர், குழாயும் பழசு. டொக்டர் இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, மருந்து தொடங்கி, மேலே கட்டில் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் பாவம் என்றோம். அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் குலம் அண்ணை நித்திரையிலிருந்து எழும்பினார்.

"மிஸி, குளிருது."

போர்வை போட்டேன். இரண்டாவது போர்வையும் போட்டேன். பல் கிடுகிடுவென்று அடித்தது. கதிரையே ஆடியது. உதட்டில் நீலம் பாரித்தது. "என்ன மிஸி இது, என்ன இது?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரத்த அழுத்தம் என் கண்ணுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்தினேன், ஆட்களைக் கூப்பிட்டேன், செய்யவேண்டியதையெல்லாம் செய்தேன். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. உடம்புக்குத் தெரிந்தது புத்திக்கு வர இன்னும் இரண்டு நாள் எடுத்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியளவில், காலை நோயாளிகள் போய் மதியம் வருகிறவர்களுக்காகக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது தொற்றுத் தடுப்புத் தாதி உள்ளே வந்தார். பெயர் எழுதமாட்டேன், அவருக்கே பிடிக்காது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மெல்லிய குரல். சப்பாத்தில் இன்னும் பனி ஒட்டியிருந்தது. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பிரெஞ்சில் சொன்னார்.

"இரண்டு பேருடைய இரத்தத்திலும் ஒரே கிருமி. தோலில் இருக்கிற கிருமி இல்லை. ஈரத்தில் வளர்கிற கிருமி. இந்த இரண்டு பேருக்கும் பொதுவாகப் போனது ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன?"

ஒருவர் இயந்திரத்துக்கு வருகிற தண்ணீர் என்றார். இன்னொருவர் புதிதாக வந்த மருந்துத் துணிகளைச் சொன்னார். தொற்றுத் தடுப்புத் தாதி குறிப்பெடுத்துக்கொண்டே, "இரண்டு பேருமே மதியத்தில் வருகிறவர்கள். காலையில் வருகிற ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டார்.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அலுமாரித் தட்டில், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், அரைப் பை சேலைன் மணிக்கணக்கில் காத்துக்கொண்டு இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது.

அவர் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கப் போனார். நான் அலுமாரியடிக்குப் போனேன். பையை எடுத்தேன். பார்க்க ஒன்றுமே தெரியாது, பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. தொட்டிக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றிவிட்டுப் பையைக் குப்பைக்குள் போட ஒரு நிமிடம் போதும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பத்து வருடம் கட்டில் தள்ளி வாங்கிய பதிவு, மகளின் பல்கலைக்கழகம், வீட்டுக்காரரின் முகம், தமிழ்ச் சனம் கதைக்கப்போகிற கதை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அப்போது மனம் எனக்கு ஒரு நியாயம் சொன்னது. இனி நீ இதைச் செய்யவே மாட்டாய், அப்படியென்றால் ஆபத்து இந்த நிமிடத்தோடு முடிந்துவிட்டது, பிறகு எதற்குச் சொல்லவேண்டும்? பிள்ளைகளே, இந்த நியாயத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உங்கள் மனமும் உங்களுக்கு இதையே சொல்லும், வெகு அன்பாகச் சொல்லும்.

நான் நல்லவள் என்பதால் ஊற்றாமல் விட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய். ஊற்றத்தான் சரித்தேன். சரிக்கிறபோது புதன்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று மதியம் பக்கத்து வரிசைத் தாதி கை நிறைய வேலையோடு, "நிரப்பின சிறிஞ் இருந்தால் தா" என்று கேட்டார். அந்தப் பையிலிருந்து நிரப்பியதில் நாலு கொடுத்தேன். அந்த நாலும் போனது ஓய்வு பெற்ற ஒரு பஸ் சாரதிக்கு. நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிற மனிதர். அவருக்கு எதுவும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. நடந்தாலும் யார் சொல்வது? அவர் என் வரிசை இல்லை என்பதால் யாரும் அவரைத் தேடப்போவதில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் தேடவேண்டியவர்களின் பட்டியலிலேயே இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு தொற்றுத் தடுப்புத் தாதியிடம் போனேன். அத்தனை வருடம் படித்த பிரெஞ்சு எங்கே போனதோ தெரியவில்லை. "இது காலையில் திறந்தது. மதியத்துக்கும் இதைத்தான் பாவிக்கிறேன். ஒவ்வொரு நாளும். நான்தான்" என்றேன். அதற்குமேல் முடியாமல் அழத் தொடங்கிவிட்டேன்.

ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கையுறை போட்டு, பையை வாங்கி, அதன் வாயைக் கட்டிப் பத்திரமாக வைத்துவிட்டு, "வேறு யாருக்குப் போனது?" என்று கேட்டார்.

நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

"அழ நேரம் இருக்கிறது, பிறகு அழலாம். வேறு யாருக்குப் போனது?"

அதற்குப் பிறகு வந்த வருடங்களில், பிழை செய்துவிட்டு என்னிடம் ஓடிவந்த எத்தனையோ பேரிடம் நானும் முதலில் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். நீங்களும் இதையே கேளுங்கள். ஏன் என்று பிறகு விசாரிக்கலாம், அந்த நேரம் வெளியே இன்னொரு ஆள் இருக்கக்கூடும்.

சாரதியின் பெயரைச் சொன்னேன். ஒரு மணிக்கு அவருடைய முறை. பதிவு மேசையில் கேட்டால், "அவர் காலையில் ஃபோன் எடுத்துச் சொன்னவர். தடிமன் காய்ச்சலாம், சளியாம், இன்றைக்கு வரவில்லையாம், திங்கட்கிழமை வருகிறாராம்" என்றார்கள். அதை எழுதிய சீட்டு மற்றச் சீட்டுகளோடு கிளிப்பில் கிடந்தது. நெஞ்சில் குழாய் இருக்கிற மனிதருக்குத் தடிமன் காய்ச்சல்!

நான்தான் அவருடைய வீட்டுக்கு ஃபோன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தரம் எடுத்தும் பதில் இல்லை. அந்த மணிச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் கேட்க முடியாது, மகள் ஃபோனை எடுக்கச் சுணங்கினாலே வைத்துவிடுவேன். தொற்றுத் தடுப்புத் தாதி அம்புலன்ஸுக்குச் சொன்னார். கட்டடத்தின் காவலாளி கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். சாரதி குசினித் தரையில் கிடந்தார். குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து, கோட்டைப் போர்த்துக்கொண்டு, வந்தவர்களை யாரென்று தெரியாமல் பார்த்தாராம். நேரத்தோடு மருந்து ஏறியதால் பிழைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வரை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் டொக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பையைச் சோதித்தார்கள். அதற்குள் அதே கிருமி இருந்தது. தொட்டியிலிருந்து தெறித்த தண்ணீர் தட்டில் பட்டு, பையின் வாயில் பட்டு, நான் குத்திய ஊசியோடு உள்ளே போயிருக்கவேண்டும் என்றார்கள். நான் சேமித்துவைத்தது அதைத்தான்.

இன்னும் ஒன்று இருந்தது. நடந்ததை நோயாளியின் வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. குலம் அண்ணை இன்னும் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தார். அவருடைய மனைவி தேவி அக்காவுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை வராது. மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. நான் செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலைமைத் தாதி சொன்னார். ஆனால் தேவி அக்கா என்னைத்தான் கேட்டார்.

ஒரு சின்ன அறை. டொக்டர் நிதானமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். பிரிவில் பாவித்த சேலைனில் கிருமி கலந்துவிட்டது, அது குழாய் வழியாக இரத்தத்துக்குப் போய்விட்டது, நாங்கள் வருந்துகிறோம், சரியான மருந்து போகிறது. யார், எப்படி என்று டொக்டர் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி விட்டார் என்று எனக்கு விளங்கியது. அவ்வளவோடு நான் எழும்பி வந்திருக்கலாம்.

தேவி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லகாலம் நீங்கள் அதுக்கை இருக்கிறியள். இல்லாட்டி இவை என்ன செய்திருப்பினமோ" என்றார்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. "அக்கா, அந்தப் பையை வைச்சிருந்தது நான்தான். மிச்சம் பிடிக்கிறன் எண்டு நினைச்சுச் செய்தது. என்ர பிழை."

அவர் கையை எடுத்தார். டொக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தேவி அக்கா தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "இதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள்? இனி நான் இஞ்சை ஆரை நம்புறது?"

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. வெளியே பஸ் தரிப்பில் நிற்கும்போது நான் அவருக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. இன்றைக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் திரும்ப அதே அறையில் உட்காரவைத்தால் அதையேதான் சொல்வேன்.

விசாரணை நடந்தது. நான் மட்டுமல்ல, இன்னும் இரண்டு பேர் அவ்வப்போது அப்படிச் செய்தது தெரியவந்தது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்தது, ஆறுதல் வந்ததே என்று வெட்கமும் வந்தது. என் பதிவு போகவில்லை. ஆறு மாதம் இன்னொருவரின் கண்காணிப்பில் வேலை செய்தேன். ஆளுக்கு ஒன்றாக நிரப்பியே வருகிற சிறிஞ் அந்த வருடம்தான் எங்கள் பிரிவுக்கு வந்தது. கிரேக்க அம்மா வீட்டுக்குப் போனார், ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. அதற்குப் பிறகு தடியூன்றித்தான் வருவார்.

குலம் அண்ணை பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நெஞ்சின் மற்றப் பக்கத்தில் புதிய குழாயோடு திரும்பி வந்தபோது பாதியாகியிருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இரண்டு கழுத்து போகும். தேவி அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது அவர் கதிரையில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கிட்டப் போகவும் பயம், போகாமல் விடவும் பயம். பக்கத்து வரிசைத் தாதியின் பொறுப்புக்கு அவரை மாற்றியிருந்தார்கள். அவர்தான் முகமூடி போட்டுக்கொண்டு தட்டோடு வந்தார்.

குலம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸி, குறை நினையாதேங்கோ. நீங்கள் தொடவேண்டாம்."

"ஓம் அண்ணை."

"கோவத்திலை சொல்லேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஓம் அண்ணை. விளங்குது."

நான் திரும்பினேன். கண் கலங்கியதை அவர் பார்த்துவிடக்கூடாது என்று விரைவாகத்தான் திரும்பினேன்.

"எங்கை போறியள்? நில்லுங்கோ. இவை எல்லாம் கெதியாச் செய்துபோட்டுப் போயிடுவினம், எனக்குக் கேக்கவும் பாஷை தெரியாது. இந்தப் பிள்ளை வடிவாச் செய்யிறாவோ எண்டு பக்கத்திலை நிண்டு பாருங்கோ. பிழையெண்டால் சொல்லுங்கோ." மூச்சு வாங்க நிறுத்தினார். "நீங்கள் சொல்லுவியள்."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவருடைய தலைமாட்டில் போய் நின்றேன். அந்தத் தாதி கையுறை போட்டு, குழாயின் மூடியைக் கழற்றப் போகும்போது கையுறை விரல் கதிரையின் கைப்பிடியில் லேசாகப் பட்டது. அவருக்கே தெரியாத அளவுக்கு லேசாகத்தான் பட்டது. என்னோடு ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர், அன்றைக்குத் தலைக்குமேல் வேலை அவருக்கு, நானோ கண்காணிப்பில் இருக்கிறவள்.

"நிறுத்து. கையுறையை மாற்று" என்றேன்.

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு மாற்றினார். குலம் அண்ணை கண்ணை மூடவில்லை. நாலு மணித்தியாலமும் விழித்தபடியே இருந்தார், நானும் நின்றபடியே இருந்தேன்.